ஃபிராங்க்ஃபர்ட் டு ஸ்ட்ராஸ்பர்க் ஒயின் ட்ரிப்: சென்னையிலிருந்து கிளம்பும் முன் போட வேண்டிய 'இரவுக் கணக்கு'

ஐரோப்பா டூர் என்றாலே ஈஃபிள் டவர், சுவிஸ் பனிமலை என்று பேக்கேஜ் எடுத்த காலம் மாறிவருகிறது. திராட்சைத் தோட்டம், பழைய நிலவறை, சின்ன கிராமம் என ஒரே விஷயத்தை மையமாக வைத்து நிதானமாகச் சுற்ற விரும்புபவர்கள் சென்னையிலும் உண்டு. அவர்களுக்கு வசதியான ஒரு பாதை, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் வரையிலான பாதை.

ஆனால் மயிலாப்பூரிலோ அடையாறிலோ உட்கார்ந்து பிளான் போடும்போது பலர் முதலில் பார்ப்பது விமான டிக்கெட் விலையைத்தான். முதலில் எண்ண வேண்டியது, எந்த நாட்டில் எத்தனை இரவு தங்கப் போகிறோம் என்பதை. அது தப்பினால் விசா கட்டணத்தோடு ஹோட்டல், டிக்கெட் பணமும் போய்விடலாம்.

ஏன் இந்த இரண்டு நகரங்கள்?

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரடி விமானம் இயக்குகிறது. அங்கிருந்து ஸ்ட்ராஸ்பர்க் சுமார் 220 கி.மீ. அதாவது, சென்னையிலிருந்து சிதம்பரம் போகிற தூரம்தான். நேரடி அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 2 மணி நேரம்.

முதல் நகரத்துக்குப் பக்கத்தில் ரைன் நதிக்கரையின் ரைன்காவ் ஒயின் பகுதி. இரண்டாவது நகரத்தைச் சுற்றி அல்சாஸ் ஒயின் பகுதி. இரண்டிலுமே 'ரீஸ்லிங்' என்ற வெள்ளைத் திராட்சை பிரபலம். ஒரே திராட்சை இரு நாடுகளில் எப்படி வேறு வேறு சுவையாக மாறுகிறது என்பதைப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் சுவாரசியம்.

விசா: எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும்?

ஜெர்மனி, பிரான்ஸ் இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்கு விதி இருக்கிறது. சுற்றுலாவுக்கு அது இப்படித்தான்:

• எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.
• இரண்டிலும் சம நாட்கள் என்றால், முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு.

தி.நகரைச் சேர்ந்த ஒரு தம்பதி 7 இரவு பயணம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 3, ஸ்ட்ராஸ்பர்க்கில் 4 இரவு என்றால் பிரான்ஸ் விசா. விமானம் இறங்குவது ஜெர்மனி என்பது இங்கே கணக்கில் வராது. அதையே 4, 3 என்று மாற்றினால் ஜெர்மனி விசா.

'ஜெர்மனி அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குது, அதிலேயே போட்டுடலாம்' என்று உண்மைக்கு மாறான திட்டத்தைக் காட்டுவது ஆபத்து. விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். விசா கிடைத்த பிறகு தெரியவந்தாலும் ரத்தாகலாம்.

இரு நாட்டு விண்ணப்பங்களையும் சென்னையிலேயே விஎஃப்எஸ் மையம் வழியாகக் கொடுக்கலாம். போட் கிளப் சாலையில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகத்தில் நேரில் போய் நிற்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை:

• பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும்.
• பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது.
• குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.
• பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஹோட்டல் புக்கிங் மட்டும் எடுப்பது நல்லது.

எப்போ போகலாம்?

அறுவடை பொதுவாக செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். தோட்டம் பார்க்க அழகான நேரம். ஆனால் சின்னத் தயாரிப்பாளர்கள் குடும்பத்தோடு தோட்டத்தில் இருப்பார்கள். முன்கூட்டியே நேரம் வாங்காமல் போனால் கதவு பூட்டியிருக்கும்.

பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டி மே மாதம் போகிறவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். மே 1 இரு நாடுகளிலும் விடுமுறை. மே 8 பிரான்ஸில் விடுமுறை. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

டிசம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் போனால் 1570-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்கலாம். அப்போது கூட்டமும் அறை வாடகையும் எகிறும்.

ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் என்ன பார்க்கலாம்?

நகரத்தின் சொந்த பானம் திராட்சை ஒயின் அல்ல, ஆப்பிள் ஒயின். சாக்சன்ஹவுசன் பகுதியின் பழைய கடைகளில் நீலப்பூ போட்ட மண்ஜாடியில் தருவார்கள். புளிப்பு தூக்கலாக இருக்கும்.

திராட்சை ஒயினுக்கு ரயில் ஏறி ரூடஸ்ஹைம் போகணும். சுமார் ஒன்றேகால் மணி நேரம். 2002-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரைன் பள்ளத்தாக்கு இங்கிருந்துதான் விரிகிறது. அதே ரயில் பாதையில் எல்ட்வில்லில் இறங்கி பஸ் பிடித்தால் 1136-ல் தொடங்கப்பட்ட எபர்பாக் மடாலயம். துறவிகள் ஒயின் தயாரித்த கல் மண்டபங்கள் இன்றும் இருக்கின்றன.

ஸ்ட்ராஸ்பர்க் பக்கம்?

நகர மருத்துவமனைக்கு அடியில் 1395-லிருந்து இருக்கும் நிலவறையில் 1472-ஆம் ஆண்டு ஒயின் ஒரு பீப்பாயில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அல்சாஸ் ஒயின் சாலை 1953-ல் அறிவிக்கப்பட்டது. நீளம் சுமார் 170 கி.மீ. முழுவதையும் பார்க்க நினைத்தால் காரிலேயே நேரம் போய்விடும். ஒபர்னே, பார் ஆகிய ஊர்களுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து உள்ளூர் ரயில் இருக்கிறது. கோல்மாருக்கு சுமார் அரை மணி நேரம்தான். ஒரு நாளைக்கு ஒரு ஊர், இரண்டு தயாரிப்பாளர்கள் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இருக்காது.

கார் எடுக்கலாமா?

சுவைக்கும் நாளில் வேண்டாம். இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். ஜெர்மனி, பிரான்ஸில் பொது வரம்பு 50 மில்லிகிராம். கொஞ்சம் கூடுதல்தானே என்று நினைத்தால், நாலைந்து இடத்தில் ஆளுக்கு ஒரு வாய் என்று சேர்ந்தாலே வரம்பைத் தொட்டுவிடலாம். இந்தப் பாதையின் வசதியே ரயில்தான்.

சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு அங்கே தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு?

ஒயின் திராட்சைச் சாறுதானே என்று நினைக்கலாம். ஆனால் அதைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனிலிருந்து எடுக்கும் பொருள் ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துவதுண்டு. 'வீகன்' என்று லேபிளில் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்பது பாதுகாப்பு.

அல்சாஸின் புகழ்பெற்ற மெல்லிய 'ஃபிளாம்குகன்' ரொட்டியில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே அது இல்லாமல் கேட்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டின் ஏழு மூலிகை 'பச்சை சாஸ்' உருளைக்கிழங்கோடு வரும்; கூடவே முட்டையும் வரும்.

எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?

வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மது அனுமதி. ஒரு ஒயின் பாட்டில் பொதுவாக 750 மில்லி. இரண்டு பாட்டில் என்றால் 1.5 லிட்டர், பிரச்சினை இல்லை. மூன்றாவதை வைத்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். அப்போது சென்னை விமான நிலையத்தில் அறிவித்து, கூடுதல் அளவுக்கு வரி கட்டணும். தம்பதியாகப் போனால் ஆளுக்கு இரண்டு, மொத்தம் நான்கு பாட்டில்.

தோட்டத்தில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். துணியில் சுற்றி செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

சுருக்கமா சொன்னா...

1. இரவுகளைப் பிரியுங்கள், விசா நாடு தானாகத் தெரியும்.
2. விசா வந்த பிறகே ரத்து செய்ய முடியாத டிக்கெட்டுகளை வாங்குங்கள்.
3. தயாரிப்பாளர்களிடம் முன்கூட்டியே நேரம் கேளுங்கள்.
4. சுவைக்கும் நாளில் ரயில் மட்டும்.
5. ஆளுக்கு இரண்டு பாட்டிலோடு நிறுத்துங்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. விசா, சுங்க விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அதிகாரப்பூர்வ இணையதளங்களில் சரிபார்க்கவும்.)