லேப்டாப் கொதிக்குதா? தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சூடு குறையுமா? கடலோர ஊர்க்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

லேப்டாப்பை ஆன் பண்ணி ஒரு வீடியோ ஓடவிட்டதுமே ஃபேன் கத்த ஆரம்பிக்குது. கொஞ்ச நேரத்தில் படம் திக்கித் திக்கி நகருது. அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப். "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று யாராவது சொல்லிவிட்டால், பல வீடுகளில் அந்த லேப்டாப் பரணுக்குப் போய்விடும். அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால், சில நூறு ரூபாய் செலவில் பார்த்துவிடக்கூடிய விஷயம் ஒன்று இருக்கு. அதுதான் தெர்மல் பேஸ்ட். பொன்னேரி பக்கம் 'தெர்மல்' என்றாலே அத்திப்பட்டு அனல்மின் நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேற. சின்ன சிரிஞ்சில் வரும் சாம்பல் நிறப் பசை.

கோட்டைக்குப்பத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பமும் அதே மாவட்டம்தான். ஆரம்ப வருஷங்களில் கொடுத்த லேப்டாப்களுக்கு இப்போ பத்து வயசுக்கு மேல. வாரன்ட்டி எப்பவோ முடிஞ்சாச்சு. அக்கா படிச்ச லேப்டாப்பில்தான் தம்பி டிஎன்பிஎஸ்சி வகுப்பு வீடியோ பார்க்க வேண்டியிருக்கு என்றால், அது இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமா ஓடாதா என்பது பெரிய கேள்விதான்.

இதோடு உப்புக்காற்றும் சேருது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக்கடல். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் ஃபேன் உள்ளே இழுக்கும் தூசு, உலர்ந்த ஊர்களில் மாதிரி உதிராமல் அடையாக ஒட்டிக்கொள்கிறது. உலோகத் தகடுகளும் சீக்கிரம் அரிக்கும்.

பேஸ்ட் உண்மையில் என்ன வேலை செய்யுது?

மீனை ஐஸ் போட்டு வைக்கும்போது கட்டியை அப்படியே வைக்காமல் உடைத்துத் தூளாக்கிப் போடுவது ஏன்? கட்டி ஐஸ் மீனைச் சில இடங்களில் மட்டும்தான் தொடும். நடுவில் காற்று நிற்கும். தூள் ஐஸ் இடைவெளி விடாமல் படியும். குளிர்ச்சி சீக்கிரம் ஏறும்.

லேப்டாப்புக்குள்ளும் இதே கதைதான். பிராசசரின் மேல், அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஹீட் சிங்க் என்ற உலோகப் பகுதி உட்கார்ந்திருக்கும். இரண்டும் வழவழப்பாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. வெப்பம் கடத்தும் திறனை வாட்/மீட்டர்-கெல்வின் அளவில் பார்த்தால் செம்புக்கு சுமார் 400, காற்றுக்கு வெறும் 0.026. நல்ல பேஸ்ட்டுக்குப் பத்துக்கு உள்ளே வெளியே இருக்கும். அதாவது செம்பு பக்கத்தில் பேஸ்ட் ஒன்றுமே இல்லை. காற்றோடு ஒப்பிட்டால்தான் அது ராஜா. அதனால்தான் அதை மெல்லிசாகப் போட வேண்டும். நிறையப் போட்டால் நிறைய குளிரும் என்பது தப்புக் கணக்கு.

வருஷக்கணக்கில் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படும்; மிச்சம் காய்ந்து பொருக்காகிவிடும். பிராசசர் அதன் உச்ச வரம்பை, அதாவது மாடலைப் பொறுத்து 95 முதல் 105 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதுக்கும் அடங்காவிட்டால் சிஸ்டமே ஆஃப் ஆகிவிடும். அந்த ஆஃப், எரிந்துபோகாமல் காப்பாற்றும் ஏற்பாடு.

தூசா, பேஸ்ட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நேராக பேஸ்ட் வாங்க ஓடாதீங்க. 'கோர் டெம்ப்', 'எச்டபிள்யூ மானிட்டர்' மாதிரி இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு வெப்பநிலையைப் பாருங்க. வீடியோ ஓடவிட்டதும் ஓரிரு விநாடியில் 50-லிருந்து 90-க்குத் தாவி, நிறுத்தினதும் சட்டென்று விழுந்தால், சூடு ஹீட் சிங்க்குக்குப் போய்ச் சேரவில்லை. பேஸ்ட் மேல் சந்தேகப்படலாம். வெளியே வரும் காற்று பெரிசா சூடில்லாமல் இருப்பதும் அதே அறிகுறி. மாறாக, சூடு மெதுவாக ஏறி இறங்காமல் நின்று, பக்கவாட்டுத் துளையில் காற்றே சரியாக வரலைன்னா, அடைப்பு ஃபேனில். கடலோரத்தில் இந்த இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கணும். அதுக்குச் செலவும் கிடையாது.

மாற்றும்போது எங்கே தவறு நடக்குது?

சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகவே கூடாது. ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். ஒரு மூலையை மட்டும் முதலில் முறுக்கினால் சிப் விரிசல் விடலாம்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சு பிரியாத துணியும் போதும். வீட்டில் இருக்கும் சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின், வாசனைப் பொருள் எல்லாம் கலந்திருக்கும், படலமாகத் தங்கிவிடும். டெஸ்க்டாப்புக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட், அழுத்தம் அதைப் பரப்பிவிடும். லேப்டாப்பில் சிப் மூடியில்லாமல் வெறுமனே இருப்பதால், மூலை வரைக்கும் மெல்லிசாகப் பரப்பிவிடுவது நல்லது.

பக்கத்துச் சின்ன சிப்களின் மேல் ரப்பர் மாதிரி ஒட்டியிருப்பது தெர்மல் பேட். அதைப் பிய்த்துவிட்டு பேஸ்ட் தடவக் கூடாது. அங்கே இடைவெளி அதிகம், பேஸ்ட் எட்டாது. 'லிக்விட் மெட்டல்' என்று விற்பதில் காலியம் உலோகம் இருக்கும். அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் போர்டு காலி. பல் துலக்கும் பேஸ்ட் போடலாம் என்று வரும் வீடியோக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அதில் இருக்கும் தண்ணீர் வற்றினதும் பழைய நிலைமைதான்.

ஃபேனைச் சுத்தம் பண்ணும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போடுங்க. புளோயரால் அடித்துச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும். ஹீட் சிங்க் தகடுகளில் பச்சை அல்லது வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அரிப்பு. தகடுகள் உதிர ஆரம்பித்திருந்தால் பேஸ்ட் மாற்றியும் பிரயோஜனம் இல்லை, ஹீட் சிங்க்கையே மாற்றணும்.

வாரன்ட்டி முடியாத புது லேப்டாப்பாக இருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொடுங்க.

எவ்வளவு குறையும்?

பேஸ்ட் நிஜமாகவே காய்ந்திருந்தால் 10, 15 டிகிரி கூட இறங்கலாம். நன்றாக இருந்த பேஸ்ட்டை விலை உயர்ந்ததாக மாற்றினால் ஓரிரு டிகிரிதான். எதைப் போட்டாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசர் போகாது. மே மாசம் தகரக் கூரைக்குக் கீழே 38 டிகிரி என்றால் கணக்கு அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில், ஒரே வீடியோவை ஓடவிட்டு அளவைக் குறிச்சு வையுங்க. மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பார்த்தால் பேஸ்ட் வேலை செய்யுதா, கடற்காற்று வேலை செய்யுதா என்று தெரியாது.