ஆல்பமார்ல் தெருவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

பால்கனியில் செம்பருத்தி பூத்தால் உடனே படம் பிடித்து நம் குரூப்பில் போடுகிறீர்கள். அரை நிமிட வேலை. இந்தப் பழக்கத்தின் பூர்வகதையில் ஒரு மாலைக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1839 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. இடம்: லண்டன், ஆல்பமார்ல் தெரு, ராயல் இன்ஸ்டிடியூஷன்.

1799-ல் தொடங்கப்பட்ட நிலையம் அது. கீழ்த்தளத்தில் ஆய்வுக்கூடம், மேலே சொற்பொழிவு அரங்கம். மைக்கேல் ஃபாரடே 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது அந்தக் கட்டடத்தில்தான். கரன்ட் போனதும் நமக்குக் கைகொடுக்கும் ஜெனரேட்டருக்கு மூலம் அதுவே. அதே ஃபாரடே 1825 வாக்கில் வெள்ளி மாலைக் கூட்டங்களையும் தொடங்கிவைத்தார். உறுப்பினர்கள் விருந்தினரை அழைத்து வரலாம், பெண்களும் வருவார்கள். ஒரு சொற்பொழிவு நடக்கும். நூலக அறையில் மேஜைகள் மேல் கலைப்பொருள், கருவி, புதுக் கண்டுபிடிப்பு என்று ஏதாவது பரப்பியிருக்கும். அவற்றைச் சுற்றி நின்று பார்க்கலாம், பேசலாம். எல்லாருக்கும் திறந்த வாசல் என்று சொல்ல முடியாது, அழைப்பு வேண்டும். ஆனால் அழைப்பின் அருமை ஃபாரடேவுக்குத் தெரியும். கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிய பையன். 1812-ல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில்தான் இதே அரங்கில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எழுதிய குறிப்புகளை பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு அங்கேயே வேலை கிடைத்தது.

இனி அந்த ஜனவரிக்கு வருவோம். 7-ஆம் தேதி பாரிஸில், பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் அராகோ எழுந்து ஒரு செய்தி சொன்னார்: டகேர் என்பவர் கேமராவுக்குள் விழும் பிம்பத்தை அப்படியே தகட்டில் நிறுத்திவிட்டார். எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை. செய்தி கடல் தாண்டி இங்கிலாந்து வந்தபோது வில்ட்ஷயரில் லேகாக் ஆபி என்ற பழைய மாளிகையில் வசித்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எப்படித் தவித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதே காரியத்தை அவரும் வேறு வழியில் செய்து வைத்திருந்தார், அதுவும் 1835-லேயே! செய்தவர் வெளியே சொல்லாமல் வேறு ஆராய்ச்சிகளில் இறங்கிவிட்டார்.

டால்பட்டுக்கு இந்த ஆசை வந்ததே படம் வரையத் தெரியாததால்தான். 1833-ல் மனைவியுடன் இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போனபோது, கேமரா லூசிடா என்ற கருவியை வைத்துக்கொண்டு காட்சியை வரையப் பார்த்தார். வரவில்லை. ஒளியே தன்னைத்தானே காகிதத்தில் வரைந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. ஊர் திரும்பி, காகிதத்தை உப்புக் கரைசலில் தோய்த்து, காயவைத்து, மேலே சில்வர் நைட்ரேட் பூசினார். வெயிலில் காட்டினால் அது கறுக்கும். மேலே ஓர் இலையை வைத்தால் இலை மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும்.

இதுவரைக்கும் புதுமை இல்லை. தாமஸ் வெட்ஜ்வுட்டும் டேவியும் ஏறத்தாழ இதையே செய்து, 1802-ல் இதே ராயல் இன்ஸ்டிடியூஷனின் இதழில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய படங்களை இருட்டில்தான் வைத்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் எடுத்தால் மிச்சமும் கறுத்துப் படமே போய்விடும். அந்தக் கறுப்பை நிறுத்தியதுதான் டால்பட்டின் சாதனை. அதற்கு உதவியவற்றில் ஒன்று நம் சமையலறை உப்பு. கெட்டியான உப்புக் கரைசலில் படத்தை முக்கினால் ஒளிக்கு அது மசிவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

டகேரின் செய்முறையும் இதுவும் ஒன்றுதானா என்பது டால்பட்டுக்குத் தெரியாது. ஒன்றாக இருந்து, பாரிஸ் முந்திக்கொண்டால், இத்தனை வருட உழைப்பும் காப்பி என்ற பெயரோடு முடியும். விரிவான கட்டுரையை ராயல் சொசைட்டியில் வாசிக்க ஜனவரி 31 ஆனது. அதற்கு முன்பே கைவசம் இருந்த படங்களைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஒரு மேஜை கிடைத்தது. அன்றைய சொற்பொழிவு முடிந்ததும் ஃபாரடே இந்தப் புதுக் கலையைப் பற்றி அறிவித்து, நூலகத்தில் இருப்பவற்றைப் பார்க்கச் சொன்னார்.

அங்கே என்ன இருந்தது? பூக்கள், இலைகள், லேஸ் துணி ஒன்றின் பின்னல், வண்ணக் கண்ணாடியிலிருந்து எடுத்த உருவங்கள், வெனிஸ் நகரக் காட்சி ஒன்றின் நகல், நுண்ணோக்கியில் பெரிதாக்கிய மரத்துண்டின் குறுக்குவெட்டு. இவற்றோடு 1835 கோடையில் எடுத்த லேகாக் வீட்டுப் படங்களும். பாரிஸிலிருந்து வந்தது வாய்ச்சொல் மட்டும். லண்டன்காரர்கள் பொருளையே கண்ணால் பார்த்தார்கள். அறிஞர் சபையில் வாசிக்கும் கட்டுரையைவிட அந்த இரவு முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான். ஓவியர் தன் தொழிலுக்கு என்ன ஆகும் என்று பார்ப்பார், தாவர ஆய்வாளர் இலை நரம்பை எண்ணுவார், சும்மா வந்தவர் லேஸை ரசிப்பார். எல்லாருக்கும் பொதுவாக ஒரே மேஜை.

பிறகு தெரிந்தது, இரண்டும் வேறு வேறு முறைகள் என்று. டகேரின் வெள்ளித் தகட்டில் துல்லியம் அதிகம், ஆனால் ஒரு தகடு ஒரே படம்தான். டால்பட்டுடையது காகித நெகடிவ், ஒன்றிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தோடு ஸ்டூடியோக்காரர் கொடுத்த பழைய நெகடிவ் சுருள் இருந்தால், அது இந்த வம்சம்.

வெள்ளி மாலைகள் அதன்பின்னும் தொடர்ந்தன. 1861 மே 17 அன்று அதே அரங்கில் மேக்ஸ்வெல், கட்டம் போட்ட ரிப்பன் ஒன்றின் மூன்று படங்களைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்து வண்ணப்படம் காட்டினார். உங்கள் போன் திரையின் வண்ணங்களும் இந்த மூன்றிலிருந்து கலந்து வருபவைதாம்.

டால்பட் 1835 ஆகஸ்டில் எடுத்த ஜன்னல் நெகடிவ் ஒன்று இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு தபால்தலை அளவு. அதன் பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு: எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ண முடிந்ததாம்.