தேய்ந்த ஓடும் புதிய ஓடும்

1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகை தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் எழுந்த புதிய பாராளுமன்றத்தின் கட்டட அமைப்பு சார்லஸ் பாரியுடையது. உள்ளே காணும் அணிநலனோ பெரும்பாலும் அகஸ்டஸ் பியூஜினின் கைவண்ணம். 1835இல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவிய இவர், இடைக்கால ஆலயக் கலையை மீட்பதையே தம் பணியாகக் கொண்டு, 1852இல் நாற்பதாம் அகவையில் மறைந்தார்.

அந்த மீட்பில் தரைக்கும் இடமிருந்தது. இடைக்கால இங்கிலாந்தின் மடங்களிலும் பேராலயங்களிலும் இரு நிறக் களிமண்ணாலான ஓடுகள் பாவப்பட்டிருந்தன. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின் அக்கைத்தொழில் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. 1830இல் சாமுவேல் ரைட் என்பார் அதற்கொரு காப்புரிமை பெற்றார். ஸ்டோக் நகரின் ஹெர்பர்ட் மின்டன் அதை வளர்த்தெடுத்தார். ஈரக் களிமண்ணில் அச்சால் பள்ளம் பதித்து, அதில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றி, மேற்பரப்பைச் சீவிச் சமன்செய்து சூளையிலிடுவர். கோலம் மேற்பூச்சன்று, சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருப்பது. பாராளுமன்ற நடுக்கூடத்தின் தரையில் 127ஆம் திருப்பாடலின் தொடக்கம் இலத்தீனில் இவ்வோடுகளாலேயே எழுதப்பட்டுள்ளது.

இதே மின்டன் ஓடுகள் 1856 முதல் வாஷிங்டன் நகரின் கேப்பிடல் மாளிகையிலும் பாவப்பட்டன. அங்கே நேர்ந்தது கவனிக்கத்தக்கது. தேய்ந்த ஓடுகளுக்குப் பதிலாகக் கோலமற்ற வெற்று ஓடுகளைப் பதித்துப் பதித்து, தரை கந்தலாயிற்று. 1924இல் பிரதிநிதிகள் சபைப் பகுதியின் முதல் தளத் தாழ்வாரங்களில் எஞ்சியவற்றையும் பெயர்த்தெடுத்து, கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் பாவினார்கள். தேய்மானம் பாதி, ஒட்டுவேலை பாதி என இரண்டும் சேர்ந்தே அத்தரையைக் கொன்றன என்பேன். 1980களில் மீண்டும் ஸ்டோக் நகரிலிருந்தே பழைய முறை ஓடுகளை வரவழைக்க வேண்டியதாயிற்று.

ஓடு ஆடுகிறதென்றால் பெரும்பாலும் பழுது ஓட்டில் இல்லை, அடியிலுள்ள சாந்தில். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கும். ஓடுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பதிக்கப்பட்டிருப்பதால், நல்லதொன்றை நெம்பினால் அண்டை ஓட்டின் விளிம்பு தெறிக்கும். எனவே ஏற்கெனவே உடைந்த ஓட்டையே முதலில் உளியால் நடுவிலிருந்து கொத்தி எடுத்து, அவ்வெற்றிடத்தின் வழியாகப் பக்கத்து ஓடுகளை விடுவிப்பர். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, முதுகில் ஒட்டிய பழஞ்சாந்தைச் சுரண்டி, புதுச் சாந்தில் மீண்டும் பதிப்பர். சாந்து ஓட்டைவிடக் கடினமாயின், அடுத்த முறை உடைவது ஓடுதான். ஈரம் ஏறும் தரையில் மேலே பளபளப்புப் பூச்சு பூசினால், அடைபட்ட உப்பு ஓட்டின் முகத்தையே உரித்துவிடும். நம் ஆலயங்களில் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கத்தைக் கண்டால் பியூஜின் என்ன சொல்வாரோ! திருவிழாவுக்கு முன் பழந்தரையைப் பெயர்த்துக் கிரானைட் பாவும் அவசரமும் நமக்குப் புதிதன்று.

வெஸ்ட்மின்ஸ்டர் தரை 2010களில் விரிவாகப் பழுதுபார்க்கப்பட்டது. ஷ்ரோப்ஷயரின் ஜாக்ஃபீல்டில் பழைய முறையிலேயே புதிய ஓடுகள் கையால் செய்யப்பட்டன. சூளையில் களிமண் சுருங்குமாதலால் அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்யவேண்டும். எவ்வளவு பெரிது என்பதை அந்தந்த மண்ணே தீர்மானிக்கும். நிறமும் எளிதில் ஒத்துவராது. தேய்ந்த ஓடுகளின் நடுவே முழுக்கனமுள்ள புதியதை வைத்தால் கால் தட்டும். ஆகவே அதன் அடியிலுள்ள சாந்தைக் குறைத்துப் பதிக்கவேண்டும்.

இத்தகைய வேலைகளில் கைதேர்ந்தோர் மற்றோர் உபாயமும் செய்வதுண்டு. எவர் கண்ணிலும் படாமல் அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய ஓட்டை எடுத்து, கோலம் அழிந்த நடுவழியில் பதித்துவிட்டு, புதிய ஓட்டை அலமாரிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள்.