பனிக்கட்டிக்குள் மூன்று எழுத்துகள்

ஜின் விளம்பரம் ஒன்றின் பனிக்கட்டிகளில் 'செக்ஸ்' என்னும் சொல்லின் மூன்று ஆங்கில எழுத்துகள் மறைந்துள்ளன என்றார் வில்சன் பிரையன் கீ. 1973-இல் வெளிவந்த 'சப்லிமினல் செடக்‌ஷன்' நூலின் புகழ்பெற்ற வாதம் இதுவே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படத்தைக் கண்டனராம். 62 விழுக்காட்டினர் கிளர்ச்சியுணர்வைக் குறிப்பிட்டனராம். எழுத்துகளற்ற படம் எதையும் அவர் ஒப்பீட்டுக்குக் காட்டவில்லை. மதுக்கோப்பையைக் கண்டே கிளர்ச்சியுற்றவர் எத்தனை பேர்? அவ்வினாவிற்கு அந்த எண்ணில் விடையில்லை. ஆயினும் மார்ஷல் மெக்லூகனின் முன்னுரை நூலுக்குக் கல்விப்புல மதிப்பை ஈட்டித் தந்தது என்றே கருதுகிறேன்.

இத்தனைக்கும் முன்னெச்சரிக்கை இருந்தது. 1957-இல் திரையரங்குச் சோதனையால் பரபரப்பூட்டிய ஜேம்ஸ் விகாரி, தம் தரவுகள் பொருட்படுத்தத் தகாத அளவு சொற்பமானவை என 1962-இல் தாமே ஒப்புக்கொண்டார். கீயின் நூல் வந்தது அதற்குப் பதினோராண்டு கழித்து.