வந்தாறுமூலை கேற்றும் விண்ணப்பப் படிவமும்

உயர்தர முடிவு வந்ததும் பெற்றார் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "சேர், எந்தக் கெம்பஸை முதலாவதாப் போடுற?"

செங்கலடிக்குக் கெம்பஸ் பக்கம்தான். 1981 ஆகஸ்ட் 1 இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானம், விவசாயம் என்று இரண்டே பீடம், பேராதனையின் இணைப்பில். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன் பேராதனைக்கோ கொழும்புக்கோ பெட்டி கட்டிய ஊர்கள் நாங்கள்.

நான்கு வருடம்தான். 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் எங்கள் சனங்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5 இல் அந்தக் கெம்பஸில் அகதிகளாக இருந்த தமிழ்ச் சகோதரர்கள் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்துக் கேற் எங்களுக்குத் தூரமானது. முஸ்லிம் மாணவர்களின் படிப்பு தடைப்பட்ட நிலையில், அமைச்சர் அஷ்ரப்பின் முயற்சியால் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, அடுத்த வருடமே பல்கலைக்கழகமானது. இன்று ஒலுவில் என்றால் அதுதான்.

அந்தப் பயம் இன்னும் படிவத்தில் இருக்கிறது. சில வாப்பாமார் மகளுக்கு ஒலுவிலை மட்டும் போடச் சொல்கிறார்கள். மானிய ஆணைக்குழு பார்ப்பது இஸட் புள்ளி, மாவட்டம், விருப்ப ஒழுங்கு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். மட்டக்களப்பும் அதில் உண்டு. வீடு பக்கம் என்று கூடுதல் புள்ளி இல்லை. போடாத தெரிவு கிடைக்காது. சேர்ந்த பிறகு வேறு கெம்பஸுக்கு மாறுவதும் லேசில்லை.

இந்தமுறை மகளோடு உட்கார்ந்து நிரப்புங்கள். வந்தாறுமூலையையும் போடுங்கள். நம் பிள்ளைகள் இப்போது அங்கே படிக்கிறார்கள்.