தமிழ் விசைப்பலகையின் இயல்பிருப்பு அமைவு

இயல்பிருப்பு விசைப்பலகை அமைவு என்பது, கணினி தொடங்கும்போது பயனர் எதையும் தெரிவு செய்யாமலேயே நடைமுறைக்கு வரும் விசைப்பலகைத் தளக்கோலத்தையும் அதன் பூட்டு விசைகளின் நிலையையும் குறிக்கும். விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. அவ்விசைக்குரிய எண்ணையே அனுப்புகிறது. அந்த எண் எவ்வெழுத்தாக மாறவேண்டும் என்பதை இயங்குதளத்தின் தளக்கோலமே தீர்மானிக்கிறது. தமிழுக்குப் பல தளக்கோலங்கள் வழக்கில் இருப்பதால், எது இயல்பிருப்பாக அமைகிறது என்பது தமிழ்ப் பயனர்களை நேரடியாகப் பாதிக்கிறது.

தமிழ்த் தளக்கோலங்கள்

தட்டச்சுப்பொறி முறை: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வழிவந்தது. இதில் எழுத்தின் வடிவ வரிசையே தட்டச்சு வரிசையாகும். எடுத்துக்காட்டாக, "கெ" என்பதற்குக் கொம்பு முதலிலும் "க" அடுத்தும் இடப்படும். தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுகளை நடத்தி வருவதால், இம்முறையில் பயிற்சி பெற்றோர் பலர் உள்ளனர்.

இன்ஸ்கிரிப்ட்: இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக அமைக்கப்பட்டது. 1991 இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்தில் இடம்பெற்றது.

தமிழ்99: 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாட்டைத் தொடர்ந்து, அதே ஆண்டு சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ஒரே மெய் இருமுறை வரும்போதும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போதும் புள்ளி தானாகவே இடப்படும்.

இவை தவிர, ஆங்கில எழுத்தொலி வழியே தட்டச்சிடும் முறைகளும், இலங்கையில் வழங்கும் இரெங்கநாதன் முறையும் உள்ளன.

இயங்குதளங்களில் இயல்பிருப்பு

விண்டோஸ் 2000 முதல் விண்டோஸ் இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஆதரிக்கிறது. அதில் "தமிழ்" என்ற பெயரில் அமைந்த தளக்கோலம் இன்ஸ்கிரிப்ட் ஆகும். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழுக்கான ஆதரவைப் பயனரே தனியாக நிறுவவேண்டியிருந்தது. 2007 இல் வெளியான விஸ்டாவில் அது இயல்பாகவே இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறைக்குப் பல்லாண்டுகள் எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தனி மென்பொருள்களே துணை நின்றன. பின்னர் விண்டோஸ் 10 இன் பதிப்புகளில் தமிழ்99 தளக்கோலம் சேர்க்கப்பட்டது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 7 (2013) பதிப்பில் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளும் இடம்பெற்றன. லினக்ஸ் வழங்கல்களில் ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கட்டமைப்புகள் வழியாகத் தட்டச்சுப்பொறி, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் பயன்படுத்தலாம்.

பயனர்கள் மீதான தாக்கம்

தளக்கோல மாறுபாடு: தமிழ்99 பழகிய ஒருவர் "தமிழ்" என்னும் சொல்லுக்கு எல், கே, எஸ், சாய்கோடு, எஃப் ஆகிய ஐந்து விசைகளை அழுத்துவார். கணினியில் இன்ஸ்கிரிப்ட் இயல்பிருப்பாக இருப்பின், அதே விசைகள் "தகேயி" என்று திரையில் தோன்றும். "திருவிடந்தை" என்னும் ஊர்ப்பெயருக்குத் தமிழ்99 இல் 10 விசையழுத்தங்கள் போதும்; "ந்" என்பதன் புள்ளி தானாக விழுகிறது. இன்ஸ்கிரிப்டில் அப்புள்ளியைத் தனியே இடவேண்டியிருப்பதால் 11 தேவைப்படும். பெரும்பாலான விசைப்பலகைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதால், புதியவர் ஒருவர் தவறு தம்முடையதா கணினியுடையதா என்று அறிய இயலாது. இத்தகையோர் தமிழில் எழுதுவதையே கைவிட்டு, உரோமன் எழுத்துகளுக்கு மாறிவிடுவதும் உண்டு.

கடவுச்சொல்: உள்நுழைவுத் திரையில் எழுத்துகள் மறைக்கப்படுவதால் தளக்கோலம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. சரியான கடவுச்சொல்லை இட்டும் கணினி மறுத்துக்கொண்டே இருக்கும். பலமுறை தவறினால் கணக்கு பூட்டப்படவும் கூடும். ஆங்கிலத் தளக்கோலங்களிலும் இச்சிக்கல் உண்டு: அமெரிக்க முறையில் மாற்று விசையுடன் 2 ஐ அழுத்தினால் மின்னஞ்சல் முகவரிக் குறி வரும்; பிரித்தானிய முறையில் இரட்டை மேற்கோள் குறி வரும். மேலும், தனி மென்பொருள்கள் பயனர் உள்நுழைந்த பின்னரே இயங்கத் தொடங்குவதால், அவற்றைக் கொண்டு உள்நுழைவுத் திரையில் தமிழில் தட்டச்சிட இயலாது.

எண் பூட்டு: தனி எண் பகுதி இல்லாத பழைய மடிக்கணினிகள் சிலவற்றில், எண் பூட்டு இயங்கிய நிலையில் கணினி தொடங்கினால் வலப்பக்க எழுத்து விசைகள் எண்களாக மாறும். தமிழ்99 பயனருக்கு அவை மெய்யெழுத்து விசைகளாகும். ப, ம, த ஆகியவை 1, 2, 3 எனவும், ற, ன, ட ஆகியவை 4, 5, 6 எனவும், ர என்பது 0 எனவும் தோன்றும். உயிரெழுத்துகள் சரியாக வரும் என்பதால், பயனர் எழுத்துருவில் பழுது எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு.

மாற்றும் முறை

விண்டோஸில் பயனரின் தளக்கோலமும் உள்நுழைவுத் திரையின் தளக்கோலமும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. எனவே ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. விண்டோஸ் 7 முதல், வட்டார அமைவுகளின் நிர்வாகப் பகுதியில், பயனரின் அமைவுகளை வரவேற்புத் திரைக்கும் புதிய கணக்குகளுக்கும் நகலெடுக்கும் வசதி உள்ளது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இது பயன்படும். விண்டோஸ் 8 முதல் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தித் தளக்கோலத்தை மாற்றலாம். எண் பூட்டின் தொடக்க நிலையைப் பல கணினிகளில் பயாஸ் அமைவில் மாற்றலாம்.

லினக்ஸில் வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், அதற்கான கடவுத்தொடர் பயனரின் அமைவுகள் ஏற்றப்படும் முன்னரே கேட்கப்படும். ஆகவே தொடக்கநிலைத் தளக்கோலத்தை ஆங்கிலமாக வைத்து, உள்நுழைந்த பின் தமிழைத் தெரிவு செய்வது பாதுகாப்பான வழியாகும்.