எண்ணூர் அனல்மின் நிலையம்

எண்ணூர் அனல்மின் நிலையம், சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி 1970 முதல் 2017 வரை இயங்கிய நிலக்கரி மின் நிலையம். தமிழ்நாடு மின்சார வாரியம் அமைத்தது. வட்டாரத்தில் இதன் பெயர் ‘இ.டி.பி.எஸ்.’

முதல் இரண்டு அலகுகள் தலா 60 மெகாவாட், அடுத்த மூன்றும் தலா 110. முதல் அலகு 1970 மார்ச் 31 அன்றும் ஐந்தாவது 1975 டிசம்பரிலும் இயங்கத் தொடங்கின. மொத்த நிறுவுதிறன் 450 மெகாவாட். சிறிய நிலையம் என்று இதைச் சொல்வது இன்றைய கணக்கில்தான். தொடங்கிய காலத்தில் நெய்வேலியை விட்டால் மாநிலத்தில் இதற்கு நிகரான அனல் நிலையம் இல்லை.

அதுவரை தமிழகத்தின் மின்சாரம் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கியது. பைக்காரா, மேட்டூர், குந்தா நீர்மின் நிலையங்கள் எல்லாம் மழையை நம்பியவை. பருவம் பொய்த்த ஆண்டில் மின்வெட்டு வந்தது. சென்னையிலேயே இருந்த பேசின் பாலம் மின் நிலையம் பழையது, சிறியது. நகரமோ வடக்கே தொழிற்சாலைகளாக வளர்ந்துகொண்டிருந்தது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் வந்துவிட்டது.

எண்ணூரின் முக்கியத்துவம் அதன் திறனில் இருந்ததைவிட அது நின்ற இடத்தில் இருந்தது. நீலகிரியில் பிறந்த மின்சாரம் சென்னைக்கு வந்து சேர்வதற்குள் வழியில் கொஞ்சம் வீணாகும். சுமை ஏறும் மாலையில் மின்னழுத்தமும் தாழும். குழல் விளக்கு துடித்துத் துடித்து எரியாமல் நிற்பதற்கு இந்தத் தாழ்வழுத்தமும் ஒரு காரணம். பாதையின் கடைக்கோடியில் ஒரு நிலையம் இருந்தால் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். சிறு அலகுக்கு இன்னொரு குணமும் உண்டு: 60 மெகாவாட் திடீரென நின்றால் மின்தொகுப்பு சமாளித்துக்கொள்ளும், இன்றைய 800 மெகாவாட் அலகு நின்றால் அந்த இடத்தை நிரப்பப் பல நிலையங்கள் ஓட வேண்டும்.

சிரமம் நிலக்கரியில். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பல், சென்னையில் இறக்கி மறுபடியும் ரயில் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் செலவு ஏறியது. எரிப்பதற்கு முன் அதை முகப்பவுடர் போல அரைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கரி களிமண் மாதிரி குழாயில் அப்பிக்கொள்ளும். கம்பியால் குத்தியும் சுத்தியலால் தட்டியும் இறக்குவது எந்த அனல் நிலையத்திலும் மழைக்கால வேலை. இந்திய நிலக்கரியில் சாம்பலும் அதிகம், நூறு டன்னுக்கு நாற்பது டன்வரை மிஞ்சும். குளிரூட்டும் நீருக்குக் கழிமுகத்தை நம்பியதால், முகத்துவாரத்தில் மணல் அடைக்கும்போதெல்லாம் தூர்வார வேண்டியிருந்தது.

வயது ஏறியபோது கணக்கு உதைத்தது. தாழ்ந்த நீராவி அழுத்தத்தில் ஓடும் சிறு அலகு ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதல் கரி தின்னும். அரவை ஆலை, விசிறி, பம்பு என நிலையமே எடுத்துக்கொள்ளும் பங்கும் பெரிது. மலிவான மின்சாரத்தை முதலில் வாங்கும் ஏற்பாட்டில் இது வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டது. அதற்குள் சில கிலோமீட்டர் தூரத்திலேயே வடசென்னை நிலையமும் (1994 முதல்), 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் வந்துவிட்டன. எண்ணூர் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது.

மூடியதால் ஊர் இருளவில்லை. கழிமுகத்துக்கும் விடிவு வரவில்லை. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழாய்க் கசிவுகள் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மீனவக் குப்பங்களின் நீண்டகால வழக்காகத் தொடர்ந்தன. மின்சாரத்தின் பலன் நகரத்துக்கும் சாம்பல் எண்ணூருக்கும் என்ற அந்தப் பங்கீட்டை இ.டி.பி.எஸ். காலத்திலிருந்தே எவரும் மாற்றவில்லை.

பழைய வளாகத்தை ஒட்டி 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2014-இல் ஒப்பந்தம் விடப்பட்டது. அந்த ஒற்றை அலகின் திறன் பழைய ஐந்தையும் கூட்டினாலும் மிஞ்சும். கட்டுமானம் பாதியிலேயே நின்றுபோனது.